சிரித்தால் விழும் பிள்ளை

என் அக்கா மகளைத்தான் நான் கட்டினேன். எங்கள் பக்கம் இதைச் சொல்ல யாரும் குரலைத் தாழ்த்த மாட்டார்கள். அக்கா மகள் இருக்கும்போது வெளியே பெண் தேடினால்தான் ஊர் காரணம் கேட்கும். பையனிடம் என்ன குறை, பெண்ணிடம் என்ன குறை, அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வதில்லையா என்று கிளறிக்கொண்டே இருக்கும்.

அவள் பிறந்தபோது எனக்குப் பதினோரு வயது. அக்கா அவளைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "புடிடா, உன்னுதுதான். கழுத்து நிக்காது, தலைக்குக் கை குடு" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

நடக்கப் பழகும் முன்பே அவள் என்னை மாமா என்று கூப்பிட்டாள். வளர்ந்த பிறகு சேலத்துப் பக்கமிருந்து இரண்டு இடம் நல்லதாகவே வந்தது. அக்கா அசையவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கு மகளை அனுப்ப அவளுக்கு மனம் இல்லை. "தெரிஞ்ச கெணத்துல விழுந்தாலும் படிக்கட்டு எந்தப் பக்கம்னு தெரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எங்கள் ஊர்க் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சின் அருமை தெரியும். வட்டமாக, ஆழமாக, ஒரு பக்கம் மட்டும் கல்லைத் துருத்தி வைத்துப் படி விட்டிருப்பார்கள். தெரியாதவன் விழுந்தால் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வரியை அன்றைக்கே என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நோட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அரூருக்கும் கம்பைநல்லூருக்கும் நாளெல்லாம் போய்வருகிற வண்டி. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் வடை மடித்துக் கொடுத்த தாளும், நூலகத்தில் ஓசியில் புரட்டியதும், பஸ்ஸில் ஏறுகிற ஜனங்களின் வாயும்தான். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு எப்போதும் இருக்கும். யாராவது நல்ல பேச்சு ஒன்று பேசினால் இறங்குவதற்குள் எழுதிவிடுவேன். தக்காளி விலையைக் கேட்டதற்கு ஒருவர், "வெலையச் சொன்னா தக்காளியே வெக்கத்துல செவந்து போவுதுங்க" என்றார். நெரிசலில் காலை மிதித்தவரிடம் ஒரு பெரியவர், "மிதிச்சது பரவால்லீங்க. எடுத்துட்டீங்கன்னா அது எங்காலுதானான்னு பாத்துக்குவேன்" என்றார். இப்படி ஐந்தாறு நோட்டு சேர்ந்திருக்கும்.

அந்த நோட்டெல்லாம் யாருக்காகச் சேர்ந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என் மகளுக்காக.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பிறந்ததும் மஞ்சள்காமாலை வந்தது. ஒரு வாரத்தில் போய்விடும், காலை வெயிலில் காட்டுங்கள் என்றார்கள். இரண்டு மாதம் வெயிலில் காட்டினோம். பிறகு அது போனது, நாங்களும் மறந்தோம். வயிறு மட்டும் கொஞ்சம் முன்தள்ளி இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை என்று அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டோம்.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. நாலு இருபதுக்கு என் வண்டி எங்கள் ஊர் ஸ்டாப்பில் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையோடு புளியமரத்தடியில் அவள் நிற்பாள். பின்படியில் நின்றபடியே அன்றைக்குக் கிடைத்த பேச்சை அவளிடம் சொல்லிவிட்டு நான் விசில் கொடுப்பேன். அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே வண்டி நகரும். மொத்தமாக அரை நிமிடம் இருக்குமா? அந்த அரை நிமிடத்துக்காகக் காலையிலிருந்து ஊர்வாயைத் துழாவுவேன். நல்ல பேச்சு ஒன்றும் கிடைக்காத நாளில் எனக்கு முகமே இருக்காது.

அவளுக்கு ஏழு வயது நடக்கும்போது, ரொம்பச் சிரித்தால் முழங்கால் மடங்க ஆரம்பித்தது. முதலில் லேசாகத் தொய்வாள், சுவரைப் பிடித்துக்கொள்வாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். பிறகு விழுவாள். நாலு நொடி, ஐந்து நொடி. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு இன்னொன்று சொல்லச் சொல்லுவாள். எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. விழுந்து விழுந்து சிரிப்பதாகச் சொல்கிறோமே, இவள் நிஜமாகவே செய்கிறாள் என்று நினைத்தோம். என் மனைவி அவளைப் போலவே தொய்ந்து நடித்துக் காட்டுவாள். நான் இன்னும் மோசம். அவள் விழுந்தால் என் பேச்சு ஜெயித்தது என்று வைத்துக்கொண்டேன். டிரைவரிடம், "இன்னிக்கு ரெண்டு தடவை உழுந்துட்டாண்ணே" என்று பரிசு வாங்கியவனைப் போலச் சொல்வேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். பெற்ற பிள்ளையின் நோயை மெடல் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தவன் நான்.

மற்ற அடையாளங்களும் இருந்தன. படியில் இறங்கும்போது காலால் துழாவித் துழாவி இறங்குவாள். கையெழுத்து கோணிக்கொண்டே போனது. போன வருடம் ஒப்பித்த வாய்ப்பாடு இந்த வருடம் வரவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். என் மனைவி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். பக்கத்து வீட்டம்மா நாகதோஷம் என்றார். ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் எங்கள் கண்ணில் பட்டது. எல்லாம் ஒரே கொடியில் காய்த்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அது ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம் வைத்து முடித்திருந்தார்கள். இருந்தும் எனக்காக நாலு இருபதுக்கு வந்து நின்றாள். அன்றைக்குக் காலை டிரிப்பில் ஒரு அம்மா கூடைக்குள் கோழியை வைத்துக்கொண்டு ஏறினார். மருமகனுக்கு விருந்தாம். கோழிக்கும் டிக்கெட் எடுக்கணும் என்று நான் சும்மா வம்புக்கு இழுத்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரிட்டன் வராத சீவனுக்கு ஏனுங்க டிக்கெட்டு?" என்றார். வண்டியே சிரித்தது.

அதை அப்படியே, அந்த அம்மாவின் கழுத்து வெட்டோடு மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான் விசிலை ஊதினேன். வண்டி நகர்ந்தது. கொடியில் காய்ந்த துணி நழுவுகிற மாதிரி அவள் வண்டிப் பக்கமாகச் சரிந்தாள். ஜன்னலோரம் இருந்த ஒருத்தி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

பின்சக்கரத்துக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. கண் திறந்திருந்தது. வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள், எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று பிள்ளை பெற்றவர். அவளைத் தூக்கி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிரிப்புல உழுவற புள்ள கையை ஊனும்டா தம்பி. இது ஊனல. பெரிய எடமா பாத்துக் காட்டு" என்றார்.

அத்தனை வருடம் பார்த்த நான் காணாததை அவர் ஒரே தடவையில் கண்டுவிட்டார்.

தருமபுரி, அப்புறம் சேலம், அங்கிருந்து இன்னும் பெரிய ஆஸ்பத்திரி. காக்காய் வலிப்பு என்று முதலில் மாத்திரை கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா பேனாவை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். மகளின் கண் கூடவே போகவில்லை. அதற்குப் பதில் தலையைக் குனிந்தாள். படியைக் காலால் துழாவியது ஏன் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. என் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே பார்க்கிற வழி அடைத்துப்போயிருந்தது.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்றார். பிறந்தபோது காமாலை ரொம்ப நாள் இருந்ததா என்று கேட்டார். சிரித்தால் விழுகிறாளா என்று அவராகவே கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டேதான் ஆமாம் என்றோம். அவர் சிரிக்கவில்லை.

"சொந்தத்துல கல்யாணமா?"

"எங்க மாமாதாங்க" என்றாள் என் மனைவி. அப்போதுகூட அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ரத்தம் எங்கேயோ தூரமாகப் போய் முடிவு வரப் பல வாரம் ஆயிற்று. மறுபடி போனபோது டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் போட்டுச் சொன்னார். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கொலஸ்ட்ரால் வந்துகொண்டே இருக்கும். அது இல்லாமல் செல் இல்லை. வந்ததை உள்ளே ஒரு சின்ன அறையில் பிரித்து, அங்கிருந்து வேண்டிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறைக்குள் ஒரு புரதம் நீந்திக்கொண்டிருக்கும். அது கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு போய், சுவரில் நிற்கிற இன்னொரு புரதத்தின் கையில் கொடுக்கும். சுவரில் நிற்பது வெளியே தள்ளும். உங்கள் பிள்ளைக்கு நீந்துகிற புரதம் சரியாக அமையவில்லை, அதனால் வந்த கொழுப்பு வந்த இடத்திலேயே தங்குகிறது, ஈரலில், மண்ணீரலில், மூளையில் என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது, வண்டியில் இருக்கிறவன் அல்லவா. கூட்ட நேரத்தில் முன்னால் நிற்கிறவரிடம் நான் போய்ச் சேர முடியாது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து "பாஸ் பண்ணுங்க" என்பேன். கை மாறிக் கை மாறி அது உரியவரிடம் போய்விடும். நடுவில் ஒரு கை வாங்காமல் போனால் டிக்கெட் அங்கேயே நிற்கும். அடுத்தது அதன்மேல் நிற்கும். கெட்டவர் என்று யாரும் இல்லை. ஒரே ஒரு கை இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்கிற மரபணுவுக்கு என்பிசி-2 என்று பெயர். பதினான்காவது குரோமோசோமில் இருக்கிறது. பிறகு நானே போனிலும் நூலகத்திலும் தேடிப் படித்தேன். இங்கிலீஷை அகராதி வைத்துக்கொண்டு பிரித்தேன். நூற்றுச் சொச்சம் மணி கோத்த சின்ன மாலை அந்தப் புரதம். மடங்கி மடங்கி நடுவில் ஒரு பை மாதிரி ஆகும். கொலஸ்ட்ரால் வந்து அதற்குள் தலைகுப்புற உட்காரும். இதே நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குச் சுவரில் நிற்கிற புரதம் கெட்டு வருவதாம். நீந்துகிறது கெடுவது அபூர்வம். ஒல்லிப் பிள்ளைக்கு ஏது கொழுப்பு என்று ஊரில் யாரும் நம்பவில்லை. நானும் எத்தனை பேருக்கு வட்டம் போட்டுக் காட்டுவேன்?

இரண்டு பேரிடமிருந்தும் ஒரே மாதிரிப் பிழை வந்து சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஒன்று மட்டும் வந்திருந்தால் ஒன்றும் ஆகாது. எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொன்று இருக்கிறது, நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம். இன்னொரு பிள்ளை பெற்றாலும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆகலாம் என்றார். நாங்கள் பெறவில்லை. நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும் மருந்து ஒன்று உண்டு, நிறுத்துகிற மருந்து இல்லை என்றும் சொல்லிவிட்டார். சிரிப்பைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். விழும்போது தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதை நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் வேறாக மாற்றிக்கொண்டோம். அரூரில் பஸ் மாறும்போது என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, இனிமே அவளைச் சிரிக்க வெக்காதீங்க."

சரி என்றேன். சக்கரமும் தலையும் என் கண்ணில் நின்றன.

மறுநாளே ஓனரிடம் கெஞ்சி வேறு வண்டிக்கு மாறினேன். நாலு இருபதுக்கு எங்கள் ஸ்டாப்பில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, படு. அவ்வளவுதான் பேச்சு. மனைவி டிவியில் சிரிப்புப் படம் வந்தால் மாற்றிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விளையாடக் கூப்பிடுவதையும் நிறுத்தினோம். மகளின் மேல் ஒரு கீறல் இல்லை. அந்த வகையில் நாங்கள் ஜெயித்தோம் என்றே சொல்ல வேண்டும்.

பழைய வண்டிக்கு வந்த புதுக் கண்டக்டர் ஒருநாள் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க பொண்ணு தெனமும் அந்த மரத்தடியில நிக்குது. நான் எதாச்சும் சொல்வனான்னு பாக்குது. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலண்ணே" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த மாதங்களில்தான் அக்கா வந்தாள். என் மகளை மடியில் போட்டுத் தலை வாரிக்கொண்டே இருந்தாள். மகளும் மனைவியும் கடைக்குப் போனதும் என்னிடம், "எங்கிட்ட இருந்துதானா போச்சு?" என்று கேட்டாள்.

உண்மை எனக்குத் தெரியும். எனக்கும் என் மனைவிக்கும் ஒரே பிழை என்றால், அது எங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்து எனக்கு ஒரு பக்கமும், அக்கா வழியாக அவள் மகளுக்கு ஒரு பக்கமும் இறங்கியிருக்க வேண்டும். வேறு வழியில் அது வந்திருக்காது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று பாசத்துக்குச் சொல்லிவைத்தார்கள். சதைக்குள் வேறு என்னென்னவோ சேர்ந்து ஆடுவதை யார் கண்டார்கள்?

ஆனாலும் சொன்னேன். "அது யார்கிட்ட இருந்து வந்துதுன்னு டாக்டருக்கே தெரியலக்கா."

அக்கா சீப்பில் இருந்த முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நீ டிக்கெட்டு கிழிக்கறவன். ஏறுன எடம் தெரியாம எப்பிடிடா டிக்கெட்டு கிழிப்ப?" என்றாள்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "தெரிஞ்ச கெணறுன்னு சொன்னது நானுதான்" என்றாள், சுவரைப் பார்த்து. பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். நெருங்கி நடந்தோம். இதுவரை அந்தப் பொய்யை நானும் திருப்பி எடுக்கவில்லை, அவளும் திருப்பிக் கொடுக்கவில்லை.

எத்தனை நாள் இப்படிப் போயிருக்குமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மகள் உள்ளேயிருந்து பாயை இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் பள்ளிக்கூடமும் மரத்தடியும் நின்றுபோய்ப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது, கை சொன்ன இடத்துக்குப் போகாது. பாயை விரிக்கவே அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. நான் எழுந்து உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். மறுபடி உள்ளே போய்த் தலையணை ஒன்று, பிறகு இன்னொன்று. இரண்டையும் சுவரோரம் அடுக்கினாள். அதில் சாய்ந்து, காலை நீட்டி, சரியாக உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் உக்காந்துட்டேன். விழ எடமே இல்ல. சொல்லுப்பா."

பேப்பரை மடித்து வைத்தேன். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எம்மேல கோவம் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தலைக்குப் பின்னால் என் இடது கையைக் கொடுத்தேன். எதைச் சொல்ல என்று கேட்டேன். அன்றைக்குத் தக்காளி இருந்தது, கால் மிதித்த பெரியவர் இருந்தார். நோட்டில் நூறு இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

"கோழி."

நான் ஆரம்பித்தேன். கூடை, மருமகன், விருந்து எல்லாம் வந்தது. கடைசி வரி வந்தபோது என் வாய் மடங்கியது. ரிட்டன் வராத சீவன் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? "கோழிக்கெல்லாம் ஏனுங்க டிக்கெட்டுன்னு கேட்டாங்க" என்று சமாளித்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இல்ல. அந்தம்மா வேற சொன்னாங்க. சரியாச் சொல்லு."

பாடம் மறந்த பிள்ளை, வாய்ப்பாடு மறந்த பிள்ளை, இதை மட்டும் மறக்கவில்லை. நான் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தேன். என் மனைவி கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். முந்தானை வாயில் இருந்தது. வேண்டாம் என்பாள் என்று காத்திருந்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க மாமா" என்றாள். "எனக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். அந்த அம்மாவின் கழுத்து வெட்டோடு சொன்னேன்.

மகள் சிரித்தாள். பழைய சிரிப்பில் பாதிதான் சத்தம் இருந்தது. பிறகு அந்தத் தொய்வு வந்தது. கழுத்து விட்டது, தலை முழுதாக என் கையில் இறங்கியது. கண் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் தடவையாக அந்த நாலு நொடியை நான் இத்தனை பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் பயப்படவில்லை. பயந்துகொண்டிருந்தது நாங்கள்தான்.

"இன்னொண்ணு" என்றாள், எழுந்ததும்.

மறுநாள் ஓனரிடம் போய்ப் பழைய வண்டியையே கேட்டு வாங்கினேன். நாலு இருபதுக்கு அவளால் மரத்தடிக்கு வர முடியவில்லை என்றால் என்ன, நான் வேலை முடிந்து வந்தவுடன் பாய் விரித்திருக்கும். இரண்டு தலையணை, என் இடது கை. மனைவி எதிரே உட்கார்ந்துகொள்வாள். இரண்டரை வருடம் அப்படி நடந்தது. நோட்டில் இருந்தது எல்லாம் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து வந்தோம். வண்டியில் ஏறுகிற ஜனங்களுக்கும் விஷயம் தெரிந்துபோய், "கண்டக்டரே, இதைப் போயி பாப்பாகிட்டச் சொல்லுங்க" என்று சிலர் வேண்டுமென்றே எதையாவது பேசிவிட்டு இறங்குவார்கள். அதில் முக்கால்வாசிக்குச் சிரிப்பே வராது. அதையும் சொல்வேன்.

நோய் அதன் போக்கில் போனது. முதலில் நடை அடியோடு போனது. பிறகு பேச்சு. கோழி வேண்டும் என்றால் என் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டுவாள். பிறகு விழுங்க முடியாமல் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். சிரிப்பின் சத்தம் போயிற்று. அப்புறம் முகத்தில் வருகிற சிரிப்பும் போயிற்று. பார்க்கிறவர்களுக்கு அவள் ஒன்றும் அறியாமல் கிடக்கிற பிள்ளை. எனக்கு அப்படி இல்லை. நல்ல பேச்சு ஒன்றைச் சொன்னால் என் கையில் அவள் தலை ஒரு நொடி கனக்கும். அந்தத் தொய்வு மட்டும் மிச்சம் இருந்தது. எதைப் பார்த்து ஒரு காலத்தில் மெடல் குத்திக்கொண்டேனோ, எதைக் கண்டு பிறகு வாயை மூடிக்கொண்டேனோ, அதுதான் கடைசியில் அவள் சிரித்தாள் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

மார்கழிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டியது. நோயின் இந்த வகையில் நுரையீரலிலும் கொழுப்பு தங்கும் என்று நான் முன்பே படித்திருந்தேன். தெரிந்து வைத்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பக்கம் அக்கா, கால்மாட்டில் என் மனைவி. நான் தலைக்குக் கை கொடுத்துக் கோழியைச் சொன்னேன். கூடை, மருமகன், விருந்து. கடைசி வரியை அக்காதான் சொன்னாள், எனக்கு வராததால். அவளுக்கு அந்த வரி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கனத்தது. எனக்கு நன்றாகத் தெரியும், கனத்தது.

மறுநாள் காலை மறுபடி சொன்னேன். கனக்கவில்லை.

இப்போதும் அதே வண்டிதான். நாலு இருபதுக்குப் புளியமரத்தடியில் டிரைவர் நிறுத்துவார். ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். யாராவது நல்ல பேச்சு ஒன்று பேசினால் வண்டி முழுக்கச் சிரிக்கும், நானும் சிரிப்பேன். நோட்டை எடுக்க வலது கை சட்டைப்பைக்குப் போகும். அதற்குள் இடது கை தானாக மடங்கிக்கொண்டு நிற்கும், உள்ளங்கை மேலே பார்த்தபடி. அதைப் பார்த்துவிட்டு நேற்று ஒரு பாட்டையா, சில்லறை கேட்கிறேன் என்று நினைத்து, அதில் ஒரு ரூபாய் வைத்தார். வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தேன்.